ஐந்து கணினிக்கும் வெளியில் ஒரே நம்பர்

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புதிய இணைய இணைப்புப் போட வந்தவர், சுவரில் வெள்ளைப் பெட்டியைப் பொருத்திவிட்டுத் தன் கைப்பேசியைப் பார்த்து, "பதினேழு சாமான் நெட்டுல ஏறியிரிக்கி மெடம்" என்றார். நான்கு கைப்பேசியும் ஒரு டீவியும் தவிர எங்கள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். கதவு மணி, கமரா, மருமகனின் கைக்கடிகாரம், கடைசியில் உடுப்புத் துவைக்கும் மெஷின்.

"அதுக்கும் ஒரு நம்பரா?"

"ஓம் மெடம். வீட்டுக்குள்ள எல்லாத்துக்கும் ஒவ்வொரு நம்பர். வெளி நம்பருக்கும் இனித் தட்டுப்பாடு இல்ல. புது முறையில கடற்கரையில கிடக்கிற மணலுக்கே ஒவ்வொண்டு குடுக்கலாம்."

பெட்டியின் அடியில் 192.168 என்று தொடங்கும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்த அவர் முதலிலிருந்து மெதுவாகச் சொல்லித்தரத் தொடங்கினார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த எண்களை ஒரு காலத்தில் ஐந்து கணினிகளில் என் விரலாலேயே அடித்து வைத்தவள் நான் என்று சொல்லியிருந்தால், பாவம், அவருக்குக் கதை அறுந்திருக்கும்.

அவர் போன பிறகு வெற்று அட்டைப்பெட்டியை மடிக்கக் குனிந்தேன். புதுப் பிளாஸ்டிக்கும் நுரைப்பஞ்சும் கலந்த அந்த மணம் வந்தது. அதோடு சேர்ந்து, இல்லாத இன்னொரு மணமும் வந்தது. கஞ்சி போட்ட புதுச் சாரன் மணம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு சாரன் கடைக்கு மேல்மாடியில் நான் வேலை செய்தேன். கீழே மருதமுனைச் சாரன்கள், ஆண்கள் கட்டும் கைலிகள், கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அந்த மணம் மாடிப்படி வழியாக ஏறி, குளிரூட்டிய அறைக்குள் வந்து நின்றுவிடும். மேலே ஜவாத் காக்காவின் கம்பியூட்டர் நிலையம். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். ஜவாத் காக்கா சவூதியில் பத்து வருடம் லொறி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து ஐந்து கணினிகளை வாங்கிப் போட்டவர். கணினியைத் தொட மாட்டார். துடைப்பார். படிக்கு அடியிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். ஐந்து கணினிகளுக்கும் அவருடைய மனைவி ஜன்னல் சீலைத் துணியில் சுருக்கு வைத்து உறை தைத்துக் கொடுத்திருந்தார். காலையில் வந்து உறைகளைக் கழற்றும்போது ஐந்து மணப்பெண்களுக்கு முக்காட்டை விலக்குவதுபோல எனக்குத் தோன்றும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சையில் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எடுபடாமல், கொழும்பில் மாமி வீட்டில் ஆறு மாதம் தங்கிக் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு நான் காட்டிய தலைக்கனம் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. காலையில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்களுக்கு. காலை வகுப்பு என்னுடையது. எல்லோருக்கும் நான் 'மிஸ்'.

இன்டர்நெட் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு டெலிபோன் இணைப்பும் ஒரு மோடமும் இருந்தன. கொழும்புக்கு அழைத்து இணைந்ததும் அவர்கள் ஒரு நம்பர் தருவார்கள். அது நம்முடைய முகவரி. அந்த இணைப்பு இருக்கும்வரை அதுதான் நாம். அறுந்து மறுபடி எடுத்தால் வேறு நம்பர். ஜவாத் காக்காவின் கணக்கு எளிமையானது. ஐந்து கணினி, ஆகவே ஐந்து நம்பர். கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்துக் கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தரமாட்டாங்களாம் புள்ள. ஒலகத்துலயே நம்பர் தட்டுப்பாடாம்."

"அப்பிடித்தான் காக்கா."

"அரிசிக்குத் தட்டுப்பாடு கண்டிரிக்கன், மண்ணெண்ணைக்குக் கண்டிரிக்கன். நம்பருக்குமா? ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கிட்டே போக வேண்டியதுதானே!"

எண்ணிக்கொண்டே போக முடியாது, ஆரம்பத்தில் இவ்வளவுதான் என்று எல்லை வைத்துவிட்டார்கள், நானூற்றிச் சொச்சம் கோடியோடு முடிந்துவிடும் என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. இரண்டு நாள் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக் குறைபட்டார்.

வழி கண்டுபிடித்தவன் சிவா. காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து கணினிகளைத் திருத்திக் கொடுப்பவன். என் வயதுதான், ஆனாலும் அவனும் என்னை 'மிஸ்' என்றே கூப்பிட்டான். அவனுடையது தமிழ் ஊர், எங்களுடையது முஸ்லிம் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீதி வளைவுதான் தூரம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அந்த வளைவு சில நாட்களில் மிக நீளமாகிவிடும். கடையடைப்பு என்றால் சிவா வரமாட்டான். ஏதாவது நடந்துவிட்டது என்று பேச்சு வந்தால் ஜவாத் காக்கா தன் மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றி எல்லைவரை கொண்டுபோய் விட்டு வருவார். அதைப்பற்றி மூன்று பேரும் கதைத்ததே இல்லை.

எங்கிருந்தோ போட்டோப் பிரதி எடுத்த சில தாள்களைச் சிவா கொண்டுவந்தான். வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 192.168 என்று தொடங்கும் சில நம்பர்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். யாரும் பாவிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், வெளியில் அவை செல்லாது. ஐந்து கணினிக்கும் உள்ளே அந்த நம்பர்களைக் கொடுத்துவிட்டு, வெளி நம்பரை முதலாவது கணினியிடம் மட்டும் விட்டுவிட்டால் போதும். மற்ற நான்கும் அதனிடம் கேட்கும். அது வெளியே போய்க் கேட்டு, யார் எதைக் கேட்டார்கள் என்று நினைவில் வைத்து, அவரவருக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

முதல் நாள் ஒன்றும் வேலை செய்யவில்லை. சிவா கேபிளைக் கழற்றிப் பூட்டினான், கார்டை மாற்றினான், வியர்த்துப்போனான். நான் ஒவ்வொரு கணினியாகப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு கணினிகளுக்கு மூன்றாம் நம்பர் கொடுத்திருந்தான்.

"சிவா, இஞ்ச ரெண்டு மூணு இரிக்கி."

"சாய்... மிஸ், இத ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க."

சொன்னேன். ஒரு மாதம் எல்லோருக்கும் சொன்னேன். குழப்பம் வராமல் இருக்க ஐந்துக்கும் நம்பரை நானே திரும்ப அடித்து, ஒவ்வொரு திரையிலும் எழுதி ஒட்டினேன். பிள்ளைகள் தங்களையே நம்பரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். "மிஸ், இண்டைக்கு நான் ரெண்டா நாலா?" ஜவாத் காக்காவும் ஒருவாறு விளங்கிக்கொண்டார். "அப்ப ஒண்டாம் நம்பர்தான் குடும்பத்துக்கு மூத்த காக்கா. மத்தவங்களுக்கு வெளியில பேரில்ல."

காலை பத்து மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் இணைப்பு எடுப்போம். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். கடிதங்களும் அதே நேரத்தில்தான் போகும். கடிதங்கள் என்றால், சவூதி, கட்டார், குவைத் என்று போயிருந்த ஆண்களுக்கு வீட்டிலிருக்கும் பெண்கள் எழுதுவது. அவர்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன். தமிழ் எழுத்து அங்கே போய்ச் சேராது என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெண் பால் விலை கூடிவிட்டது என்று சொல்ல, நான் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். பல்லுக்கு என்ன விலை, யாருக்குப் பல் கட்டினீர்கள் என்று அந்த மனிதர் பதறிப்போய்ப் பதில் எழுதியிருந்தார்.

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். சரீனா ராத்தா வியாழக்கிழமைகளில் கடிதம் எழுத வருவார். சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டிய வீடு. கணவர் மஜீத் காக்காவுக்கு ரியாதில் ஒரு கம்பனியில் வேலை. மகள் றிஸ்னா என் காலை வகுப்பில் படித்தாள். பதினைந்து வயது, அதிகம் கதைக்காத பிள்ளை. ராத்தா கதைப்பதற்குச் சேர்த்து அவள் மௌனமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். ராத்தா ஒரு கடிதத்துக்கு அரை மணித்தியாலம் சொல்வார். கோழி முட்டையிட்டது முதல் அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் கறிக்கு உப்புக் கூடியதுவரை அதில் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மின்சாரம் போய், குளிரூட்டி நின்று, கணினிகளையும் மேசை விசிறியையும் மட்டும் ஜெனரேட்டரில் போட்டிருந்தோம். காற்றுக்கு ராத்தாவின் முக்காடு விலகியது. கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். முக்காட்டை இழுத்து மூடினார்.

"இத எழுதிப்போடாத புள்ள."

"டொக்டரிட்டக் காட்டினீங்களா ராத்தா?"

"காட்டின. கண்டிக்குப் போய் வெட்டணுமாம். ஆம்புளத் தொணை இல்லாம இத்தின செக் பொயின்டத் தாண்டி எப்பிடிப் போற? அவரு வரட்டும். இன்னும் எட்டு மாசம்தானே."

"அவருக்குச் சொன்னா..."

"சொன்னா எல்லாத்தையும் உட்டுட்டு ஓடி வந்திருவாரு. பொறகு கம்பனி திருப்பி எடுக்காது. ஒன்ட வாயால ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைய கடிதத்தில் எல்லோரும் நல்ல சுகம் என்று என் கையாலேயே அடித்தேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களிலும் அடித்தேன். அடிக்கும்போது அந்த வசனத்தில் மட்டும் எனக்கு எழுத்துப் பிழை வந்துகொண்டே இருந்தது.

நான்காவது வியாழக்கிழமை ராத்தா வருவதற்கு முன்பே ரியாதிலிருந்து நிலையத்துக்கே போன் வந்தது. ஜவாத் காக்கா எடுத்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறிக்கொண்டே போனது. பேர் போடாத ஒரு மின்னஞ்சல் மஜீத் காக்காவுக்குப் போயிருந்தது. 'உங்கள் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. உங்களுக்கு மறைக்கிறார். கெதியாக வாருங்கள். ஒரு நலன்விரும்பி.' மஜீத் காக்கா அதை அலுவலகத்தில் வேலை செய்த ஒரு மலையாள நண்பரிடம் காட்ட, அவர் கடிதத்தின் தலைப்பில் மறைந்திருக்கும் விவரங்களைத் திறந்து, அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மின்னஞ்சல் போன முந்தைய வியாழக்கிழமையே ராத்தாவின் வழக்கமான கடிதமும் போயிருந்தது. இரண்டுக்கும் இடையில் சில நிமிடங்கள்தான். இரண்டும் ஒரே நம்பர்.

"ஒரே நம்பர் எண்டா ஒரே ஆள்தானே புள்ள?" ஜவாத் காக்கா என்னிடம் கேட்டார். மூத்த காக்கா கதையெல்லாம் அவருக்கு அப்போது மறந்துபோயிற்று. "கடிதம் எழுதிறவங்களுக்கு வாய மூடிக்கிட்டு இரிக்கத் தெரியணும்."

மறுநாள் வெள்ளி, நிலையம் பூட்டு. சனிக்கிழமை காலை வகுப்பு நடக்கும்போது சரீனா ராத்தா படியேறி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வந்தார். அதற்குக்கூட ஜவாத் காக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"நான் நம்பி ஒன்ட கையில தந்த அமானிதம் புள்ள அது. இப்பிடிச் செஞ்சிட்டியே! அவரு அங்க இரிந்து அழுறாரு. நான் இஞ்ச இரிந்து என்னத்தச் சொல்லுற?"

"அல்லாவுக்காக நம்புங்க ராத்தா, நான் எழுதல்ல."

"நீதானே கண்ட! வேற ஆரு கண்ட?"

பிள்ளைகள் எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். ராத்தா அழுதுகொண்டே இறங்கிப் போனார். அடுத்த கிழமை கடிதம் எழுத ஒரு பெண்கூட வரவில்லை. சின்ன ஊரில் அப்படித்தான். ஜவாத் காக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், "இந்த மாசத்தோட வேலைய உட்டு நிண்டுக்க மகள்" என்றார்.

அன்று பின்னேரம் சிவா வந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் முதலாவது கணினியில் ஒரு கோப்பைத் திறந்தான். மூத்த காக்கா யார் யாருக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்ற பதிவெல்லாம் அதில் இருந்தது. வெளியில் ஒரே நம்பர் என்றாலும் உள்ளே ஐந்து நம்பரும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்த வியாழக்கிழமைக்குப் போனோம். என் கடிதம் இரண்டாம் கணினியிலிருந்து போயிருந்தது. மற்றது நான்காம் கணினி. வரவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளில், அந்த நேரத்தில், நான்குக்கு நேரே என் சொந்தக் கையெழுத்தில் இருந்த பெயர் றிஸ்னா.

"மிஸ், இதப் பிறின்ட் எடுத்து முதலாளிக்குக் காட்டினா உங்கட பேர் தப்பும்" என்றான் சிவா.

"அந்தப் புள்ளைக்கு வீட்டில என்ன நடக்கும்?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். "அந்த ஃபைல் சரியாப் பெருத்துப்போச்சு மிஸ். இடம் காணாதெண்டு முதலாளியும் சொன்னவர்தானே. வச்சிருக்கிறதும் அழிக்கிறதும் உங்கட விருப்பம்."

நான் அழித்தேன். பெரிய தியாகி மாதிரி அழித்துவிட்டு வீட்டுக்குப் போய், அழித்தது முட்டாள்தனம் என்று இரண்டு நாள் உம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் ஜவாத் காக்காவிடம் போனேன்.

"நான் எழுதல்ல காக்கா. எழுதினது ஆரெண்டு தெரியும். சொல்ல மாட்டன்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார். மறுபடி விரித்தார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு றிஸ்னா மட்டும் நான்காம் கணினிக்கு உறை போடுவதுபோல நின்றாள்.

"மிஸ், உம்மாக்கிட்ட நான் சொல்லட்டா?"

"ஏன் ஒன்ட பேரப் போடாம எழுதின?"

"பேரப் போட்டா உம்மா என்னோட கதைக்க மாட்டா. இப்ப அவ ஒங்களோட கதைக்கிறதே இல்ல." சுருக்குத் துணியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே கேட்டாள்: "வாப்பா வருவாரா மிஸ்?"

"தெரியாது மகள். வரட்டும், பொறகு சொல்லு" என்றேன். என்னைவிட ஏழு வயது இளையவளை 'மகள்' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மஜீத் காக்கா வந்தார். கம்பனியில் எப்படிச் சொல்லி வந்தாரோ தெரியாது. வந்த மறுநாளே கண்டிக்குப் போக வான் பிடித்துவிட்டார். போவதற்கு முன் எங்கள் படியேறினார். மெலிந்த, உயரமான மனிதர். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். நம்பருக்குக் கீழே பேனையால் கோடு போட்டிருந்தது.

"தங்கச்சி, இந்த நம்பர் எந்த மெஷின்?"

வரிசையில் நான்காவதாக றிஸ்னா இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இது மெஷின்ட நம்பர் இல்ல காக்கா. வெளியில காட்டுறதுக்கு எங்களுக்கு ஒரு நம்பர்தான் தாறாங்க. ஐஞ்சு மெஷினும் அதே நம்பர்லதான் போகும். எதுல இருந்து போனதெண்டு அங்க இரிந்து பாத்தா தெரியாது."

"இஞ்ச இரிந்து பாத்தா?"

"இப்ப இஞ்சயும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஐந்து கணினிகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப ஐஞ்சு பேருக்கும் சேத்துத்தான் நன்றி சொல்லணும்."

பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் இரண்டு பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு போனார். "காக்கா, மெஷினுக்குள்ள எறும்பு பூந்திரும்!" என்று ஜவாத் காக்கா ஓடி வந்தார். அவருடைய கையிலும் இரண்டு வைத்தார். நான்காம் கணினியில் மற்றவற்றைவிட அதிகமாக அவர் நிற்கவில்லை. மகளுடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. றிஸ்னா பழத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அவளுடைய கீபோர்டில் கண்ணீர் சொட்டியதை ஜவாத் காக்கா பார்த்தார். பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வந்தவர், பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்விட்டார்.

மாதம் முடிந்தது. அடுத்த மாத வகுப்பு நேர அட்டவணையை ஜவாத் காக்கா என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை.

கண்டியில் ராத்தாவின் கட்டியை வெட்டி எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குரல் கொஞ்சம் கம்மிப்போயிற்று. மஜீத் காக்கா திரும்பிப் போகவில்லை. ஊரிலேயே மின்சாரச் சாமான் கடை ஒன்றில் நின்றுகொண்டார். ஒரு வியாழக்கிழமை ராத்தா மறுபடி படியேறி வந்தார். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆருக்கு ராத்தா எழுதிற?"

"ஆருக்கு எழுத? அவருதான் ஊட்ட இரிக்காரே. சும்மா வந்த." திரையில் ஒட்டியிருந்த நம்பரை விரலால் தொட்டார். "அண்டைக்கு ஒன்ன சரியா ஏசிப்போட்டன், என்ன?"

"ஓம், நல்லா ஏசினீங்க."

கம்மிய குரலில் சிரித்தார். "ஆஸ்பத்திரியில வெச்சு நாலாம் நம்பர் எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே புள்ள."

விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் முக்காட்டைப் பிடிக்கவில்லை. பிறகு அடுத்த வீட்டுக் கல்யாணக் கதையைத் தொடங்கினார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கடிதம் எழுத வந்தார்கள்.

நிலையம் இன்னும் சில வருடங்கள் ஓடியது. வீடுகளுக்குப் போன் வந்து, கைக்குக் கைப்பேசி வந்த பிறகு யாருக்கும் நாங்கள் தேவைப்படவில்லை. இப்போது அந்த மாடியும் சாரன் கடைதான். சரீனா ராத்தாவின் கடற்கரை வீடு இருந்த இடத்தில், சுனாமியில் கடல் வந்து போன பிறகு, வீடும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை. அவர்கள் அதற்கு முன்பே மேற்குப் பக்கம் குடிபோயிருந்தார்கள். சிவா மெல்பேர்னில் இருக்கிறான், பெருநாளுக்குத் தவறாமல் செய்தி அனுப்புவான். றிஸ்னா ஆசிரியையாகி இறக்காமத்துக்குக் கல்யாணம் முடித்துப் போனாள். ஜவாத் காக்கா இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார்.

கணினிகளை விற்ற நாளில் சிவாவும் நானும் ஐந்தின் வட்டுகளையும் துப்புரவாக அழித்துக் கொடுத்தோம். இரண்டாம் கணினியில் நான் அடித்த கடிதங்கள் எல்லாம் வீட்டுக்கு வீடு பெயர் போட்டுக் கிடந்தன. வரிப்பத்தான்சேனையில் யானை வந்து கதிரை மிதித்துப்போன கதை, பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்ற தர்க்கம், நோன்புப் பெருநாளுக்கு அனுப்பிய துணி மகனுக்குக் கட்டையாகிப்போன குறை, கோபத்தில் சொல்லிவிட்டு 'வேணா புள்ள, அத வெட்டிரு' என்று வெட்டச் சொன்ன வரிகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. எழுதச் சொன்னவர்களிலும் பாதிப்பேர் இப்போது இல்லை. அந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இருந்ததைத் தெரிந்தவளாக நான் ஒருத்திதான் மிச்சம். நானும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறேன்.